மூன்றடி இடமும் ஒரு பாயிண்டும்

(நம் வளாகத்தின் சமுதாயக் கூடத்தில் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)

செயலாளர் என்னை அறிமுகப்படுத்தும்போது "பொம்மை ரயில் மாமா" என்று சொல்லிவிட்டு உடனே "சாரி சார்" என்றார். சாரி எதற்கு? பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என் வீட்டம்மா சொல்வதோடு ஒப்பிட்டால் இது கௌரவமான பெயர்.

ஏன் இன்று என்னைப் பேசச் சொன்னார்கள் என்பது பாதிப் பேருக்குத் தெரியும். ஏ பிளாக் கீழ்த்தளத்தில் பழைய ஸ்டோர் ரூம், பதினோரடிக்கு எட்டடி. அதைச் செயற்குழு ஆறு மாதத்துக்கு எங்கள் ரயில் குழுவுக்குக் கொடுத்தது. குழு என்றால் நானும் பத்துப் பதினைந்து பிள்ளைகளும். அந்த அறையைப் பற்றி நம் வாட்ஸப் குழுவில் நடந்த விவாதத்தை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். நானும் படித்தேன். இரண்டு நாள் கோபத்தில் பதிலே போடவில்லை. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் பாயிண்ட் என்றால் என்ன, அதை ஏன் கம்ப்யூட்டரில் வரைய வேண்டியிருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். அது புரியாமல் அறை விஷயம் புரியாது.

நான் சின்ன வயதில் விழுப்புரத்தில் இருந்தேன். ஜங்ஷன் மேம்பாலத்தில் நின்று பார்த்தால் கீழே தண்டவாளங்கள் கோலம் போட்டது மாதிரி பிரியும், சேரும். ஒரு பாயிண்ட்ஸ்மேன் வந்து லீவரைத் தள்ளுவார். இரண்டு இரும்புத் துண்டுகள் சில விரற்கடை நகரும். அவ்வளவுதான், அத்தனை பெரிய வண்டி வேறு பக்கம் போய்விடும். அந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் போகவில்லை.

அந்த நகரும் இரும்புக்கு ரயில்வேயில் நாக்கு ரெயில் என்று பெயர். நகராமல் பக்கத்தில் நிற்பது ஸ்டாக் ரெயில். இரண்டு தடங்களின் உள் ரெயில்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் கிராஸிங், அதன் கூர்முனைக்கு மூக்கு என்று பெயர். நாக்கும் மூக்கும்! மூக்குக்கு முன்னால் சக்கரத்தின் விளிம்பு கடந்துபோக ஓர் இடைவெளி விட்டாக வேண்டும். அந்த இடைவெளியில் சக்கரம் தவறான பக்கம் நுழையப் பார்க்கும். அதைத் தடுக்க எதிர்ப்பக்கத்து ரெயிலை ஒட்டி ஒரு சின்ன ரெயில் போட்டிருப்பார்கள், அது செக் ரெயில். இந்தப் பக்கச் சக்கரத்தை அது பிடித்து இழுத்து வைத்திருக்கும். இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இருப்பதால் அந்தப் பக்கச் சக்கரமும் மூக்கில் மோதாமல் போய்விடும். அடுத்த தடவை பிளாட்பாரம் ஓரத்திலிருந்து பாருங்கள், தெரியும்.

இனி மாடலுக்கு வருவோம். நாங்கள் செய்வது ஹெச்.ஓ. ஸ்கேல், 87-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. கணக்குப் போட்டால் இது 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜுக்குத்தான் சரியாக வரும். நம் மெட்ரோ ரயில் ஓடுகிற கேஜ் அது. நம் பிராட் கேஜ் 1676 மி.மீ., அதை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும். ஆனாலும் கடையில் கிடைக்கும் சக்கரம், இஞ்சின் எல்லாம் 16.5-க்கு என்பதால் அதிலேயே ஓட்டுகிறோம். ரயில்வேயில் வேலை பார்த்த டி பிளாக் சார் முதல் நாளே இதைக் கண்டுபிடித்து என்னைக் குற்றவாளி மாதிரிப் பார்த்தார். ஒப்புக்கொண்டேன்.

பாயிண்ட் கடையிலேயே ரெடிமேடாகக் கிடைக்குமே, ஏன் வரைய வேண்டும்? நியாயமான கேள்வி. கிடைக்கிறது. இங்கிலாந்தின் பீக்கோ கம்பெனி செய்வதை உலகம் முழுக்க வாங்குகிறார்கள். அவர்களுடைய வழக்கமான வரிசையில் சின்னது, நடுத்தரம், பெரியது எதை எடுத்தாலும் தடம் பிரியும் கோணம் 12 டிகிரிதான். ஒரு பொருளை இன்னொன்றோடு எப்படி வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் நிஜ ரயில்வேயில் 12 டிகிரி என்பது மிகவும் கூர்மையான திருப்பம். நம் ஊரில் யார்டுகளில் பார்ப்பது 8.5-க்கு ஒன்று, அதாவது எட்டரை அடி போனால் ஓரடி விலகும். டிகிரியில் சொன்னால் ஏழுக்கும் குறைவு. மெயின் லைனில் 12-க்கு ஒன்று, அது ஐந்து டிகிரிக்கும் குறைவு. அந்தப் பாயிண்ட் முழு நீளம் சுமார் 40 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 46 செ.மீ. ஒரே ஒரு பாயிண்டுக்கு ஒன்றரை அடி! எட்டடி அறையில் அப்படி மூன்று போட்டால் அறையே முடிந்துவிடும். ஆகவே நிஜத்துக்கும் இடத்துக்கும் நடுவில் எங்கேயோ நாம் நிற்க வேண்டும். எங்கே நிற்பது என்பதுதான் டிசைன்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், பயப்பட வேண்டாம். பிரியும் எண் 6, அதாவது ஆறுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஜை இரண்டால் பெருக்கி, அதை ஆறால் இரண்டு தடவை பெருக்குங்கள். 16.5 பெருக்கல் 2, 33. அதை 36-ஆல் பெருக்கினால் 1188 மி.மீ. வளைவின் ஆரம் தோராயமாக இதுதான், 119 செ.மீ. எண் 5 என்றால் 82 செ.மீ. சொச்சம். எண்ணை ஒன்று குறைத்ததற்கே ஆரம் எவ்வளவு சுருங்கிவிட்டது பாருங்கள். நாக்கும் கிராஸிங்கும் நேராக இருக்கும் பகுதிகளைச் சேர்த்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் காகிதத்தில் முதலில் யோசிக்க இது போதும்.

ஆரம் ஏன் முக்கியம்? எல்.எச்.பி. பெட்டி ஒன்று சுமார் 23.5 மீட்டர். நம் ஸ்கேலில் 27 செ.மீ. நம்பிக்கையாக ஓட வேண்டுமென்றால் வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது மாடல் ரயில்காரர்கள் அனுபவத்தில் கண்ட விதி. மூன்று மடங்கு 81 செ.மீ. ரெடிமேடில் சின்ன பாயிண்டின் ஆரம் 61. இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஓடும், இழுத்துக்கொண்டு போகும்போது ஓடும். பின்னால் தள்ளும்போதுதான் பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு குப்புற விழும். முதல் மாதம் முழுக்க எங்களுக்கு அதுதான் நடந்தது. தம்பிகள் இருவர் "ஆக்சிடென்ட்! ஆக்சிடென்ட்!" என்று கத்தி வாட்ச்மேன் அண்ணன் ஓடி வந்ததெல்லாம் உண்டு.

ஆகவே நாமே செய்துகொள்வது என்று முடிவெடுத்தோம். நான் 31 வருஷம் ட்ராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன். கிராஃப் ஷீட்டை எடுத்துக்கொண்டு காம்பஸோடு உட்கார்ந்தேன். 119 செ.மீ. ஆரத்துக்கு எந்தக் காம்பஸ் வரும்? நூல் கட்டித் தரையில் வரைந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்போதுதான் என் மருமகள், "மாமா, இதுக்கெல்லாம் சாஃப்ட்வேர் இருக்கும்ல?" என்றாள். இருந்தது.

முதலில் எக்ஸ்ட்ராக்கேட். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். கம்பெனிகளின் ரெடிமேட் தடங்களெல்லாம் அதில் பட்டியலாகவே இருக்கின்றன. எடுத்து வைத்து ஒட்டலாம். நீங்களே பாயிண்ட் செய்ய வேண்டுமென்றால் ஒரு பெட்டி திறக்கும், அதில் பிரியும் எண், நீளம், விலகல் என்று கொடுத்தால் வரைந்து தந்துவிடும். ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று காட்டும். திரையிலேயே ரயில் ஓட்டிப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு இதுதான் பிடித்தது. ஒரு நாள் மாலையில் ஒன்பது ஜங்ஷன் வரைந்துவிட்டார்கள், ஒன்றுகூட அறைக்குள் அடங்காது.

இரண்டாவது டெம்ப்லாட். இதுவும் இப்போது இலவசம், இங்கிலாந்திலிருந்து வருவது. இது அறை முழுவதற்கும் பிளான் போடுவதற்காக வந்ததில்லை. ஒரு பாயிண்டை, நிஜ ரயில்வே எஞ்சினியர் வரைவது மாதிரி, ஸ்லீப்பர் ஸ்லீப்பராக வரைவதற்கென்றே செய்தது. திறந்ததும் முதல் அரை மணி நேரம் ஒன்றும் புரியாது. எனக்கு மூன்று நாள் புரியவில்லை. நாக்கின் நீளத்துக்கு ஏ, பி, சி என்று பிரிட்டிஷ் ரயில்வே வழக்கப்படி எழுத்து, கிராஸிங்குக்கு எண். பி நாக்கு, ஆறாம் எண் கிராஸிங் என்றால் பி-6. அதைத் தேர்ந்தெடுத்ததும் நாக்கு, மூக்கு, செக் ரெயில், நீளும் ஸ்லீப்பர்கள் எல்லாம் தானாக வந்து உட்காரும். எண்ணை மாற்றினால் மொத்தமும் தானாக மாறும். ட்ராஃப்ட்டிங் டேபிளில் ஒரு கோட்டை அழித்தால் அதன் பின்னால் இருபது கோட்டை அழித்தவன் நான். அன்று எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

இன்னொன்று. அதில் ஒரு பாயிண்டை மவுஸால் பிடித்து வளைக்கலாம். நேராக இருக்கும் பாயிண்டை எடுத்து வளைவின் மேல் படியும்படி இழுத்தால், ரெயிலும் ஸ்லீப்பரும் கிராஸிங்கும் கூடவே வளையும். பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் நம் மூன்றடி இடம் இதில்தான் கிடைத்தது. சொல்கிறேன்.

வரைந்ததை முழு அளவில் அச்சடித்துப் பலகையில் ஒட்டி, அதன்மேல் ஸ்லீப்பர் வைத்து ரெயிலைச் சால்டர் செய்ய வேண்டும். இங்கே நான் செய்த தப்பை ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் பாயிண்டை அச்சுக் கோட்டை நம்பி அப்படியே ஒட்டினேன். பித்தளைக் கேஜ் வைத்து ஒவ்வோர் இடத்திலும் இடைவெளியைப் பார்க்கவேண்டும் என்று தெரியும், ஆனால் கோடு சரியாகத்தானே இருக்கிறது என்ற அலட்சியம். 31 வருஷ அனுபவம் இருந்தால் அலட்சியமும் கூடவே வரும். பெட்டியை வைத்துத் தள்ளினால் நகரவில்லை. இரண்டு வாரம் சக்கரத்தைக் குறை சொன்னேன், சால்டரைக் குறை சொன்னேன், வெயிலில் பலகை வளைந்துவிட்டது என்று ஒரு தத்துவமே சொன்னேன்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், பெயர் சொன்னால் வெட்கப்படும், பள்ளி ஸ்கேலை அந்தக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டு, "தாத்தா, பத்து சென்டிமீட்டர்னு போட்டிருக்கிற கோடு ஒன்பது புள்ளி ஏழுதான் இருக்கு" என்றது. பிரிண்டர், பக்கத்துக்குள் அடங்க வேண்டுமென்று மூன்று சதவீதம் சுருக்கியிருக்கிறது! 16.5 என்பது 16 ஆகிவிட்டது. சக்கரங்களின் விளிம்புகளுக்கு வெளி அளவே கிட்டத்தட்ட 16. எப்படி நகரும்? பிரிண்ட் கொடுக்கும்போது ஃபிட் டு பேஜ் என்பதை எடுத்துவிட்டு ஆக்சுவல் சைஸ், நூறு சதவீதம் என்று வைக்கவேண்டும். அதன் பிறகும் அச்சான கோட்டை ஸ்டீல் ஸ்கேலால் அளக்கவேண்டும். பிள்ளைகளின் பள்ளி ப்ராஜெக்டுக்கு வரைபடம் அச்சடிப்பவர்களும் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். இப்போது எங்கள் அறையில் எந்தத் தாளும் அந்தப் பெண் அளந்து கையெழுத்துப் போடாமல் பலகைக்குப் போவதில்லை.

சரி, அறை விஷயம். எங்கள் முதல் பிளான் நீளச் சுவர் பதினோரடி முழுவதையும் எடுத்துக்கொண்டது. மூன்று பாயிண்டுகள் நேர்ப்பகுதியில் வரிசையாக, அதற்குப் பிறகு ஒன்றரை மீட்டர் ஆரத்தில் வளைவு, பிறகு குட்டைச் சுவர். அந்தப் பதினோரடியில் கதவுப் பக்கத்துக் கடைசி மூன்றடியில் என்ன இருந்தது? ஒரு வாஷ் பேசினும் சிமென்ட் ஸ்லாபும். செக்யூரிட்டி அண்ணன்களும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களும் டிபன் பாக்ஸ் வைத்துச் சாப்பிடும் இடம் அது. எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரியும். "ஜெனரேட்டர் பக்கம் நிழல் இருக்கிறதே" என்று நினைத்தேன்.

சி பிளாக் அக்காதான் வாட்ஸப்பில் எழுதினார்: "மாடல் ரயில் நல்லதுதான். ஆனால் ஜூன் மாத வெயிலில் ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் ஒரு நாள் சாப்பிட்டுக் காட்டுங்கள்." எனக்குக் கோபம் வந்தது என்றேனே, அந்த வரிதான். மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். டீசல் வாசனையில் ரசம் சாதம் இறங்கவில்லை. பத்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிட்டேன். அக்காவுக்கு அன்று நான் எதுவும் எழுதவில்லை. இன்று எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், நீங்கள் சொன்னது சரி.

ஆனால் மூன்றடியை எங்கிருந்து எடுப்பது? வளைவைச் சின்னதாக்கினால் பெட்டி விழும். பாயிண்டைச் சின்னதாக்கினாலும் விழும். அப்போதுதான் வளைவின் மேலேயே பாயிண்டைப் போட்டால் என்ன என்று யோசித்தோம். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. வளைவுகளைக் கூட்டலாம், கழிக்கலாம். ஆரத்தை மீட்டரில் எடுத்து ஒன்றை அதனால் வகுத்தால் வளைவின் அளவு வரும். மெயின் லைன் 1.5 மீட்டர், அதன் வளைவு 0.67. ஆறாம் எண் பாயிண்ட் 1.19 மீட்டர், அதன் வளைவு 0.84. கிளை உள்பக்கம் பிரிந்தால் இரண்டும் கூடும்: 1.51. அதைத் திருப்பி ஆரமாக்கினால் 66 செ.மீ. நம் 81 விதியில் தேறாது. கிளை வெளிப்பக்கம் பிரிந்தால் ஒன்று மற்றொன்றைக் கழிக்கும்: 0.17. ஆரமாக்கினால் ஐந்தரை மீட்டருக்கு மேல்! கிட்டத்தட்ட நேர்கோடு. மெயின் லைன் வளைந்து போக, யார்டு நேராகச் சுவரை ஒட்டிப் போய் அறையின் மூலைக்குள் உட்காரும். மூலை இதுவரை சும்மாதான் கிடந்தது, அங்கே ஒரு மலை செய்யலாம் என்று பிள்ளைகள் தெர்மோகோல் வாங்கி வைத்திருந்தார்கள்.

டெம்ப்லாட்டில் பி-6 ஐ இழுத்து வளைவின் தொடக்கத்தில் வைத்தோம். மீதி இரண்டு பாயிண்டும் அதிலிருந்து பிரியும் நேர்த்தடத்தில், மூலைக்குள். நேர்ப்பகுதியில் இருந்த பாயிண்ட் வரிசை முழுவதும் காணாமல் போனது. நீளச் சுவரில் எங்களுக்கு எட்டடி போதும். மூன்றடி வெளியே வந்துவிட்டது, வாஷ் பேசினோடும் ஸ்லாபோடும். நஷ்டம் இல்லாமல் இல்லை. ஐந்து பெட்டி நின்ற யார்டு லைனில் இனி மூன்றுதான் நிற்கும். மலையும் போச்சு. மலைக்காக ஒரு தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கட்டும் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், காபி வந்துவிட்டது. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் செப்புப் பூச்சுள்ள பி.சி.பி. அட்டையைச் சின்னச் சின்னக் கீற்றாக வெட்டினால் அதுதான் ஸ்லீப்பர். ரெயிலை அதன்மேல் சால்டர் செய்யலாம். இரண்டு ரெயிலிலும் எதிரெதிர் மின்சாரம் ஓடுகிறது. ஆகவே ஒவ்வொரு கீற்றின் நடுவிலும் செப்பை அரத்தால் ராவி ஓர் இடைவெளி விடவேண்டும், ஒன்றை மறந்தாலும் ஷார்ட் சர்க்யூட். மூக்குக்கு இரண்டு பக்கத்து ரெயிலும் வந்து சேர்வதால் அதைத் தனியாகப் பிரித்து, நாக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து மின்சாரம் அதற்குப் போகும்படி ஒரு சுவிட்ச் வைக்கவேண்டும். சால்டரிங் அயர்ன் வேலை பெரியவர்கள் பார்வையில் மட்டும்தான் நடக்கிறது, பெற்றோர் கவலைப்பட வேண்டாம்.

வளைந்த பாயிண்டைப் போன வாரம் முடித்தோம். 27 செ.மீ. பெட்டிகள் மூன்றை இஞ்சினால் பின்னால் தள்ளிப் பார்த்தோம். நாற்பது தடவை தள்ளினோம், அந்தப் பெண் நோட்டில் கோடு போட்டு எண்ணியது. முப்பத்தெட்டு தடவை சரியாகப் போனது. விழுந்த இரண்டு தடவையும் ஒரே பெட்டி, ஒரே சக்கரம். அதைக் கழற்றிப் பார்க்கவேண்டும்.

பொதுக்குழு அடுத்த மாதம். அறையை இன்னும் ஒரு வருஷம் கொடுப்பதா வேண்டாமா என்பது அஜெண்டாவில் ஏழாவது. புதிய பிளானை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன், நூறு சதவீத அளவில் இல்லை, ஏ-4 தாளில். ஸ்லாப் இருக்கும் மூன்றடியைச் சிவப்புக் கோடு போட்டு "இது எங்களுடையது இல்லை" என்று எழுதியிருக்கிறோம். அங்கே ஒரு ஃபேனும் பெஞ்சும் போடலாம் என்று சி பிளாக் அக்கா கேட்டிருக்கிறார், அதையும் அதே தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எதிர்த்து ஓட்டுப் போட நினைப்பவர்களும் ஒரு தடவை சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் வந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். செருப்பை வாசலில் விட்டுவிடுங்கள், தரையில் சின்னச் சின்ன ரெயில் துண்டு கிடக்கும், காலில் குத்தாமல் பார்த்து நடங்கள்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். டி பிளாக் சார், 19 மி.மீ. பற்றி மட்டும் வேண்டாம்.